கேத்தலில் படிவதும் படியாததும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தோட்டத்துப் பீலித் தண்ணீரை எத்தனையோ வருடமாகக் கொதிக்க வைக்கிறோம், கேத்தலில் ஒன்றும் படிவதில்லை. மாத்தளையில் வாழ்க்கைப்பட்ட மகளின் வீட்டிலும் ஊற்றுத் தண்ணீர்தான். ஆனால் அங்கே மூன்றே மாதத்தில் கேத்தலின் அடி வெள்ளையாகிவிட்டது. ஏன்? அதைக் குடிக்கலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: இரண்டும் மலைத் தண்ணீர்தான் அம்மா, ஆனால் அடியிலுள்ள பாறை வேறு. மழை பெய்யும்போதே காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. அதனால் மாசற்ற மழைநீரின் பீ.எச். பெறுமானம் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; 7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுதல்) ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். இதைவிடப் பெரிய பங்கு மண்ணுக்குள் சேர்கிறது. தேயிலை வேர்களும், உக்கும் இலைகளை உண்ணும் நுண்ணுயிர்களும் ஓயாமல் சுவாசிப்பதால், வெளிக்காற்றில் 0.04 சதவீதமே உள்ள இவ்வாயு மண்ணின் இடுக்குகளில் 1 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. அதைக் கரைத்துக் காபோனிக்கமிலத்தோடு இறங்கும் நீர் உங்கள் பக்கத்தில் நைஸ், சார்னோக்கைட் போன்ற கடும் பாறைகளைச் சந்திக்கிறது. அவற்றிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தை அந்த அமிலம் மெல்ல மெல்லக் களிமண்ணாக்கும்போது சிறிதளவு சோடியமும் கல்சியமும் சிலிக்காவும் நீரில் கலக்கின்றன. அமிலம் இருகாபனேற்றாக (அப்பச்சோடாவில் உள்ள அதே கூறு) மாறுகிறது. ஆகவே உங்கள் பீலித் தண்ணீரிலுள்ள காபன் பெரும்பாலும் பாறை தந்ததல்ல, மண்ணின் மூச்சு தந்தது.

மாத்தளையில் பளிங்குக்கல்லும், மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டொலமைட்டும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்பு, சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய கல் அது. அங்கே இருகாபனேற்றின் காபனில் ஏறக்குறைய பாதி மண்ணிலிருந்தும் பாதி கல்லிலிருந்தும் வருகிறது. கொதிக்க வைத்தால் ஒரு பகுதி வாயுவாக ஆவியோடு போய்விட, மறுபகுதி கல்சியம் காபனேற்றாகக் கேத்தலில் படிகிறது. அந்தப் படிவின் மேல் நாலு சொட்டு தேசிக்காய்ப் புளி விட்டுப் பாருங்கள், நுரைத்துக் கரையும்.

இந்தக் கணக்கைக் காபன் 13 என்ற சமதானி (சாதாரண காபனைவிடச் சற்றுக் கனமான காபன் அணு) உறுதிப்படுத்துகிறது. தேயிலையும் காட்டு மரங்களும் தரும் காபனில் அது, அளவுகோலாகக் கொள்ளும் கடற்சுண்ணாம்பைவிட ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவு. பளிங்குக்கல்லைக் கரைத்து வந்த நீரின் காபன் இரண்டுக்கும் இடையில் நிற்கும். கவ்வாத்துக்குப் பின் தேயிலைக்குப் போடும் டொலமைட்டும் சிறிது கலக்கலாம் என்பதால், தோட்டத்து நீரை ஆராய்பவர் அதையும் விசாரித்தே ஆகவேண்டும்.

வெள்ளைப் படிவு உடலுக்குக் கேடல்ல. ஆனால் பீலிக்கு மேலே மலசலகூடமோ மாட்டுப்பட்டியோ இருந்தால் கண்ணாடி போன்ற தண்ணீரிலும் கிருமி இருக்கும். இரண்டு வீட்டிலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கேள்வி: மாணவர்களோடு பீலியடியில் அளந்தபோது பீ.எச். 6க்குக் கீழே காட்டியது. போத்தலில் எடுத்துவந்த அதே நீர் மறுநாள் 6.5ஐத் தாண்டிவிட்டது. கருவி பழுதா?
– ஆசிரியர், பண்டாரவளை

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன் போத்தலைப் பாருங்கள். மண்ணுக்குள் நிறையக் காபனீரொட்சைட்டை ஏற்றிய நீர் வெளியே வந்ததும் அதை விட்டுவிடுகிறது. அமிலத்தன்மை குறைய, பீ.எச். ஏறுகிறது. அரைப்போத்தல் நீரைக் குலுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் இன்னும் வேகமாக ஏறும். இருகாபனேற்றின் அளவோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். போத்தலை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட மிஞ்சாமல் நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். பீ.எச். பெறுமானத்தை மட்டும் பீலியடியிலேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.