பிள்ளை பயப்படும்போது தைரியம் சொல்லியும் ஏன் எடுபடுவதில்லை?

15 வயது மகளுக்குத் தேர்வு என்றாலே வயிற்று வலி, அழுகை, பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள், எவ்வளவு தைரியம் சொன்னாலும் எடுபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வயிற்று வலி நடிப்பில்லை. பயம் வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து உடம்பு ஓட்டத்துக்குத் தயாராகிறது. ரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் போகிறது. மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 'சும்மா சாக்குச் சொல்லாதே' என்ற பேச்சு மட்டும் வேண்டாம். 'சாகலாம்போல இருக்கு' என்று எப்போதாவது சொன்னாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, இந்தப் பதிலையெல்லாம் ஓரம் வைத்துவிட்டு உடனே மனநல மருத்துவரிடம் போங்கள். அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் அது புதிதாக முளைத்துவிடாது.

சரி, தைரியம் ஏன் எடுபடவில்லை? என் மகன் படுக்கப் போகும்போது கதவருகே நின்று, "நாளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்பான். "ஆகாதுப்பா" என்றால் முகம் தெளியும். பல் தேய்த்துவிட்டு வந்து அதையே மறுபடி கேட்பான். நாம் தரும் உறுதி அந்த நேரத்துக்கு மட்டும்தான் தாங்குகிறது. விடுப்பு எடுக்க விடுவதும் இதே வகை. வீட்டில் இருந்ததும் பயம் அடங்கும். தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று மனசு கற்றுக்கொள்ளும். மறுநாள் போவது இன்னும் கஷ்டமாகும்.

யேல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் எலி லெபோவிட்ஸ் இதை வைத்தே 'ஸ்பேஸ்' என்றொரு சிகிச்சை முறையை உருவாக்கினார். பிள்ளை வரவே வேண்டாம், பயிற்சியெல்லாம் அம்மா அப்பாவுக்குத்தான். பிள்ளைகளுக்கு நேரடியாகத் தரும் சிபிடி சிகிச்சைக்கு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) இது சளைத்ததல்ல என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. (அதில் இருந்தவர்கள் 7 முதல் 14 வயதுப் பிள்ளைகள். உங்கள் மகளுக்கு ஒரு வயது கூட, அவ்வளவுதான்.)

இந்த முறையில் எனக்கு மிகவும் உதவியது, இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொல்வது: "உனக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு தெரியுது. அந்தப் பயத்தோடயே உன்னால போக முடியும்னும் தெரியும்." முதல் பாதி மட்டும் என்றால் வெறும் பரிதாபம், இரண்டாம் பாதி மட்டும் என்றால் அறிவுரை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் சிரமம். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது எந்த நியாயமும் காதில் ஏறாது.

தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதில் தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகத்தான் சுரக்கும், சீக்கிரம் தூக்கம் வராது. ஆனால் 8 முதல் 10 மணி நேரம் தேவை. படிப்பதற்காக விழித்திருக்க வைத்தால் மறுநாள் பதற்றம் கூடத்தான் செய்யும்.

அப்புறம், படிப்படியாகப் போங்கள். முழு நாள் முடியாதென்றால் முதல் இரண்டு வகுப்புகள், பிறகு மதியம் வரை. எதை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று அமைதியான நேரத்தில் மகளிடம் சொல்லிவிடுங்கள், காலைச் சண்டைக்கு நடுவில் வேண்டாம். ஆரம்பத்தில் அழுகை கூடலாம். அப்போது அம்மா ஒன்று, அப்பா ஒன்று என்று பேசினால் எல்லாம் கலைந்துவிடும். வகுப்பாசிரியருக்கும் முன்பே தெரியப்படுத்துங்கள். இல்லாவிட்டால், எப்படியோ கிளம்பி வந்த பிள்ளையை "இத்தனை நாள் எங்க போயிருந்த?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவார்கள்.