அழுத்தக் கழுவற் பம்பியை எவ்வாறு இயக்குவது?

கேள்வி: வாகனங்களையும் மீன்பிடிப் படகுகளையும் கழுவிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். உயர் அழுத்தப் பம்பியைப் பெற்றோல் எஞ்சினுடன் நேரடியாகப் பொருத்துவதா, பெல்ட் மூலம் இயக்குவதா, கியர்பெட்டி வைப்பதா?
வாசகர், திருகோணமலை

பதில்: நாள் முழுவதும் வேலை இருக்குமாயின், பெல்ட் முறையையே தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். நேரடியாகப் பொருத்திய பம்பி எஞ்சினின் வேகத்திலேயே, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3400 சுற்றுகளில், ஓட வேண்டியிருப்பதால், அதன் வால்வுகளும் நீர் கசியாது தடுக்கும் வளையங்களும் விரைவில் தேய்கின்றன. நீரைப் பீய்ச்சும் துப்பாக்கியின் விசையை விட்டபின்னும் எஞ்சினை ஓடவிட்டால், பம்பிக்குள்ளேயே சுழலும் நீர் வேகமாகச் சூடேறி அவ்வளையங்களைக் கெடுத்துவிடும். பெல்ட் முறையில், எஞ்சினில் சிறிய கப்பியையும் பம்பியில் அதைவிடச் சுமார் 2.3 மடங்கு விட்டமுள்ள கப்பியையும் பூட்டினால், 1450 சுற்றுகளுக்கென அமைந்த பம்பி அந்த நிதான வேகத்திலேயே ஓடும். எஞ்சினின் சூடும் அதிர்வும் அதனை அதிகம் எட்டமாட்டா. இதில் சிறிதளவு வலு வீணாவது உண்மையே, எனினும் பம்பியின் ஆயுளோடு ஒப்பிடுகையில் அது பெரிதல்ல. பெல்ட்டின் இறுக்கத்தையும், இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்பதையும் அடிக்கடி பாருங்கள். காப்பு மூடியின்றி ஒருபோதும் இயக்க வேண்டாம்.

கியர்பெட்டியும் வேகத்தைக் குறைக்கும், இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் அதற்குத் தனியாக எண்ணெய் மாற்ற வேண்டும்.

மின்சார வசதியுள்ள ஓரிடத்திலேயே கழுவுவதாயின் நிலைமை வேறு: நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு முனைவு (நான்கு காந்த முனைகள் கொண்ட) மோட்டார் இயல்பாகவே சுமார் 1450 சுற்றுகளில் ஓடுவதால், அதே வேகத்துக்குரிய பம்பியை அதனுடன் நேரடியாகவே இணைத்துவிடலாம்.