வாசகர் கேள்வி-பதில்: கண்ணில் படாத ஆவிக்குக் கணக்கு

கேள்வி: வங்கக் கடலில் ஆவியாதல் மிகுந்திருப்பதாகப் புயல் செய்திகளில் படிக்கிறோம். நீராவியோ கண்ணுக்குத் தெரியாது, செயற்கைக்கோளோ பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து ஆவியாதலை எவ்வாறு அளக்கிறார்கள்? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: உண்மையில் அளப்பதில்லை, கணக்கிடுகிறார்கள். ஆவியாதலை நேரடியாக அளக்கும் கருவி எந்தச் செயற்கைக்கோளிலும் இல்லை. கொடியில் காயும் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று வலுத்தால் விரைவில் காய்கிறது, காற்றில் ஈரம் மிகுந்தால் மெல்லக் காய்கிறது. கடலுக்கும் இதுவே விதி. நீர்ப்பரப்பை ஒட்டியிருக்கும் நிறைவுற்ற (அதாவது, மேலும் நீராவியை ஏற்க இயலாத) காற்றின் ஈரத்துக்கும், சுமார் 10 மீட்டர் உயரத்துக் காற்றின் ஈரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு, அதைக் காற்றின் வேகத்தாலும் அடர்த்தியாலும், கடலில் நடத்திய நேரடி அளவீடுகளிலிருந்து பெறப்பட்ட ஒரு குணகத்தாலும் பெருக்கினால் ஆவியாதல் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கடல்நீர் 29 பாகை செல்சியஸில் இருந்தால் அதன் பரப்பை ஒட்டிய ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 24.5 கிராம் நீராவி இருக்கும். உப்பு சற்றுத் தடுப்பதால், நன்னீருக்குரிய அளவைவிட இது 2 விழுக்காடு குறைவு. மேலேயுள்ள காற்றில் 19 கிராம் இருப்பதாகவும், காற்று நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வீசுவதாகவும் கொண்டால், நாளொன்றுக்கு நாலரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீர் ஆவியாகும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் சுமார் 130 வாட் வெப்பம் இந்த ஆவியோடு வெளியேறுகிறது. ஆவி மேலே சென்று மேகமாகக் குளிரும்போது இவ்வெப்பம் காற்றில் விடுபடுகிறது. புயலை இயக்குவது அதுவே.

தேவையான அளவுகளுள் இரண்டைச் செயற்கைக்கோள் நன்றாகவே தருகிறது. கடற்பரப்பு தானாக உமிழும் நுண்ணலைகளிலிருந்து அதன் வெப்பநிலையையும், அதன்வழி பரப்பை ஒட்டிய காற்றின் ஈரத்தையும் அறியலாம். அகச்சிவப்புக் கதிர்களை மேகம் மறைத்துவிடும், நுண்ணலைகளை மறைக்காது. ஆனால் கனமழையிலும் கரையோரத்திலும் அவையும் கைவிடும். காற்று வீசும்போது நீர்ப்பரப்பு சொரசொரப்பாவதால், அதில் பட்டுத் திரும்பும் ரேடார் அலையின் வலிமையைக் கொண்டு காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கிறார்கள். 2009இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-2இல் இருந்தது இத்தகைய கருவிதான்.

சிக்கல் முழுவதும் மூன்றாவது அளவில்தான், அதாவது 10 மீட்டர் உயரத்துக் காற்றின் ஈரத்தில், அடங்கியிருக்கிறது. செயற்கைக்கோள் காண்பது கடற்பரப்பிலிருந்து வான் உச்சிவரை உள்ள மொத்த நீராவியை. நமக்கு வேண்டியதோ அதன் அடிமட்டத்துக் காற்றின் ஈரம். மொத்தத்துக்கும் அடிமட்டத்துக்கும் உள்ள தொடர்பை 1986இல் லியூ என்ற அறிவியலாளர் ஒரு சமன்பாடாகத் தந்தார். மாதச் சராசரிக்கு அது ஏற்றது, ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிழைபடலாம். மேல்காற்று வறண்டும் கீழ்க்காற்று ஈரமாகவும் இருக்கும் நாள்களில் மொத்த அளவு நம்மை ஏமாற்றிவிடும். முன் சொன்ன எடுத்துக்காட்டில் ஈரத்தை ஒரு கிராம் தவறாகக் கணித்தால் விடை ஆறில் ஒரு பங்குக்கும் மேல் மாறிவிடும். ஆகவேதான், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலில் நிறுத்தியுள்ளவை போன்ற மிதவைகள் இன்றும் இன்றியமையாதவை. மிதவையோடு ஒப்பிட்டுப் பாராத செயற்கைக்கோள் கணக்கை நான் எளிதில் நம்பமாட்டேன்.

கேள்வி: ஆவியாகாமல் நேராகவே காற்றுக்குச் செல்லும் வெப்பம் எவ்வளவு? – காரைக்கால் வாசகர்

பதில்: வெப்பக் கடல்களில் மிகக் குறைவு. முன் சொன்ன, நொடிக்கு 7 மீட்டர் வேகக் காற்றில், நீர் காற்றைவிட ஒரு பாகை சூடாக இருந்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 வாட் மட்டுமே செல்லும்.

கேள்வி: எங்கள் வயலிலிருந்து ஆவியாகும் நீரையும் இதே முறையில் கணக்கிடலாமா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: நிலத்துக்கு வேறு வழி. அது மண்பானையின் வழி. கசிந்து ஆவியாகும் நீரால் பானை குளிர்வதுபோல், நீர் கிடைக்கும் பயிர் குளிர்ந்தும் வாடிய பயிர் சூடாகவும் இருக்கும். நிலத்தில் தங்கும் கதிர்வீச்சிலிருந்து, மண்ணுக்குள் இறங்கும் வெப்பத்தையும் காற்றைச் சூடாக்கும் வெப்பத்தையும் கழித்தால், மிஞ்சுவது ஆவியாதலுக்குச் செலவானது. காற்றைச் சூடாக்கும் பங்கை அறிவதுதான் கடினம். நெதர்லாந்தின் பாஸ்டியான்சென் 1990களில் வகுத்த செபால் முறை, ஒரே செயற்கைக்கோள் படத்தில் மிக வறண்ட இடத்தையும் நன்கு நனைந்த இடத்தையும் இரு எல்லைகளாகக் கொண்டு, இடைப்பட்டவற்றை வெப்பநிலைக்கேற்ப அவற்றுக்கு நடுவே பொருத்துகிறது.

இம்முறைக்கு உதவும் லேண்ட்சாட் 8, 9 ஆகிய செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து எட்டு நாள்களுக்கு ஒரு முறை, முற்பகல் பத்து மணியையொட்டிக் கடக்கின்றன. அந்த ஒரு கணத்தின் கணக்கையே முழு நாளுக்கும் விரிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை மேகம் மூடியிருந்தால் அதுவும் கிடைக்காது. அவற்றின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 100 மீட்டர் பக்கமுள்ள சதுரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். உங்கள் வயல் அதைவிடச் சிறியதாயின், விடையில் அடுத்த வயலும் வரப்பும் வாய்க்காலும் கலந்தே இருக்கும்.