நாம் சோறு சாப்பிடுகிறவர்கள்தானே, கோலாலம்பூரில் குளூட்டன் இல்லாமல் சாப்பிடுவது எளிதா?

ரொட்டி சானாயையும் சப்பாத்தியையும் நிறுத்திவிட்டேன், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம்; கண்ணுக்குத் தெரிகிற கோதுமை மட்டும்தான் அதில் போகும்.

அதைவிட முக்கியம், ஏன் நிறுத்தினீர்கள் என்பது. சீலியாக் நோய் (குளூட்டன் சாப்பிட்டால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும் நோய்) இருக்குமோ என்ற சந்தேகம் என்றால், நிறுத்துவதற்கு முன்பே டிடிஜி-ஐஜிஏ இரத்தச் சோதனை எடுத்திருக்க வேண்டும். குளூட்டன் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் அது தேடுகிறது. சில மாதம் கோதுமை தொடாமல் போய் இரத்தம் கொடுத்தால் 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். பொதுவாகச் சோதனைக்கு முன் ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிடச் சொல்வார்கள். கூடவே ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையின் மொத்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது இயல்பிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு டிடிஜி தவறாகக் காட்டும். மீண்டும் கோதுமை சாப்பிடவே முடியாது என்றால் டிக்யூ2, டிக்யூ8 மரபணுச் சோதனை இருக்கிறது. சாப்பாடு அதை மாற்றாது. இரண்டும் இல்லையென்றால் சீலியாக் பெரும்பாலும் இல்லை என்று விட்டுவிடலாம்.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, 1940களில். அரை நூற்றாண்டுக்கு மேல் குளூட்டன் இல்லாத சாப்பாடு நோயாளிகளின் பத்தியமாகவே இருந்தது. 2010க்குப் பிறகு டென்னிஸ் வீரர் ஜோகோவிச் போன்றவர்கள் விட்டதும் நலமாக இருப்பவர்களுக்கும் நாகரிகமாகிவிட்டது. கோதுமையை விட்டதும் வயிற்று உப்புசம் குறைந்தது என்பவர்கள் பொய் சொல்லவில்லை; காரணம் வேறாக இருக்கலாம். 2013ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வில், எளிதில் நொதிக்கும் மாச்சத்துகளைக் குறைத்தபோதே அவர்களின் தொல்லை தணிந்தது. அதன்மேல் குளூட்டனைக் கொடுத்தும் தனி வித்தியாசம் தெரியவில்லை. அப்படிப்பட்ட மாச்சத்துகளில் ஒன்று கோதுமையில் இருக்கும் ஃபிரக்டான்; அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. சப்பாத்தியை விட்டுவிட்டு வெங்காயச் சாம்பாரைக் கிண்ணம் கிண்ணமாக ஊற்றிக்கொண்டால் பலன் பாதிதான்.

சீலியாக் உறுதி என்றால் கணக்கு கடுமையானது. அனைத்துலகத் தரத்தில் குளூட்டன் இல்லாதது என்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் இருக்கிறது. துணுக்கு பட்டாலே தவறு.

இனி ஒளிந்திருக்கும் இடங்கள். முதல் இடம் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாம் அதனாலேயே விலகிப்போகும். அரிசி மாவு கலந்தது தேடி வாங்குங்கள், அல்லது சுத்தப் பிசினில் கடுகளவு வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள்.

அடுத்தது கிச்சாப், அதாவது சோயா சாஸ். அது பெரும்பாலும் சோயாவும் கோதுமையும் சேர்த்துப் புளிக்கவைத்தது. அதனால் கொய்த்தியாவ் அரிசிதான், மீஹூனும் அரிசிதான், ஆனால் வறுத்துக் கொடுத்த சார் கொய்த்தியாவ் ஆகாது. அதே சட்டியில் கோதுமையில் செய்த மஞ்சள் மீயும் புரண்டிருக்கும். பினாங்கு அசாம் லக்சாவில் மேலே ஊற்றும் கறுப்பு இறால் பசையிலும் மாவு இருக்கலாம். அதை ஊற்றாமல் கேளுங்கள்.

சைவக் கடைகளில்தான் பெரிய வேடிக்கை. விரத நாளில் நாம் ஆசையாகச் சாப்பிடும் சைவக் கோழி, சைவ ஆட்டிறைச்சி பலவும் கோதுமை மாவைக் கழுவி எடுத்த குளூட்டனேதான். மாமிசம் இல்லை என்ற நிம்மதியில் யாரும் கேட்பதில்லை.

தோசைக்கும் விசாரணை வேண்டும். சில கடைகளில் முறுகலுக்கு ரவையோ மைதாவோ சேர்ப்பதுண்டு. மாமாக் கடையில் ரொட்டி வீசும் கல்லிலேயே வார்ப்பதும் உண்டு. காலையில் பசியாற இட்லி, புட்டுமாயம் மேல். உளுந்து வடையில் கோதுமை இல்லை, ஆனால் கறிபாப் பொரித்த எண்ணெயா என்று பாருங்கள்.

கடைக்காரரிடம் 'குளூட்டன்' என்று சொல்லாதீர்கள், அஜினோமோட்டோவைச் சொல்கிறீர்கள் என்று நினைத்து "போடல" என்பார். 'தெப்போங் கண்டும் அடா? கிச்சாப் அடா?' (கோதுமை மாவு இருக்கிறதா? சோயா சாஸ் இருக்கிறதா?) என்று பொருளைப் பேர் சொல்லிக் கேளுங்கள். பாக்கெட்டிலும் 'கண்டும்', 'பார்லி' என்ற சொற்களையே தேடுங்கள். மலேசிய உணவு விதிகள் 1985ன்படி குளூட்டன் தானியங்களைக் குறிப்பிட்டாக வேண்டும். 'குளூட்டினஸ் ரைஸ்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது புலுட் அரிசி; ஒட்டும் தன்மை மாச்சத்தினால் வருவது.

வீட்டில் ரொட்டி வேண்டுமானால் கேழ்வரகு. உப்புப் போட்டு ஒரு கப் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கப் மாவையும் ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமியையும் கொட்டிக் கிளறி, மூடி பத்து நிமிடம் விடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கிடையே வைத்துத் தட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரம் வெடிக்கும், ஏனென்றால் மாவைப் பிடித்துவைக்க இங்கே குளூட்டன் இல்லை. வெந்த மாச்சத்தும் உமியின் வழவழப்பும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. காற்றில் வீசி விரிக்கும் ரொட்டி சானாய் மட்டும் எந்த மாற்று மாவிலும் வராது, முயன்று மாவை வீணாக்க வேண்டாம். மாவு மில்லில் அரைக்கக் கொடுத்தால் முன்னால் கோதுமை அரைத்த கல்லில் உங்களுடையதும் கலந்துவிடும்; முத்திரையிட்ட பாக்கெட் நல்லது.

குடிப்பதில் பலர் கோட்டைவிடுவார்கள். மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் உண்டு. உடல் சூட்டுக்கு என்று வாங்கும் ஆயிஸ் பார்லி பெயரிலேயே சொல்லிவிடுகிறது. கோப்பித் தூளில் 'சம்புரான்' (கலவை) என்றிருந்தால் தானியம் வறுத்துச் சேர்த்திருக்கலாம், பொருள் பட்டியலைப் படியுங்கள். வெறும் தேத்தண்ணி என்றால் கவலை இல்லை.