கட்டுநாயக்க – லண்டன்: பறக்கும் நேரம் எவ்வளவு?

கேள்வி: டிசம்பரில் முதன்முறையாக லண்டனில் இருக்கும் மகளிடம் போகிறேன். பகல் 1.00க்குக் கட்டுநாயக்கவில் ஏறினால் அன்றே மாலை 6.30க்கு ஹீத்ரோவில் இறங்குவதாக டிக்கட்டில் இருக்கிறது. திரும்பும்போது இரவு 8.30க்கு ஏறி மறுநாள் பகல் 12.15க்குத்தான் வந்து சேருமாம். போக ஐந்தரை மணித்தியாலம், வர பதினைந்தே முக்காலா? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரி?
– வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டும் இல்லை, அம்மா. போக 11 மணித்தியாலம், வர பத்தேகால். டிக்கட்டில் அச்சிடுவது எப்போதும் அந்தந்த ஊர் நேரம். டிசம்பரில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அங்கே மாலை 6.30 என்றால் இங்கே நள்ளிரவு 12.00. பகல் 1.00இலிருந்து எண்ணிப் பாருங்கள், 11 வரும். திரும்பும்போதும் அப்படித்தான்: அங்கே இரவு 8.30 என்பது இங்கே அதிகாலை 2.00. மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரித்தானியாவில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பார்கள்; அப்போது வித்தியாசம் நாலரைதான்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் 9 மணி 40 நிமிடம்தான் ஆகவேண்டும். ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது, ஏதாவது நாட்டின் வான்பரப்பு மூடியிருந்தால் சுற்றிப் போவது எல்லாம் மேலதிகமாகச் சேரும். வழியில் வட இந்தியாவைத் தாண்டியதும் உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்று வீசும். குளிர்காலத்தில் அது இன்னும் பலம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். முக்கால் மணி வித்தியாசம் அதனால் வருவதே.

கிளம்பும் நேரத்தில்தான் கவனம் வேண்டும். பயணப்பொதி ஒப்படைக்கும் கவுண்டரைப் பெரும்பாலும் புறப்பட மூன்று மணித்தியாலத்துக்கு முன் திறந்து, ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடிவிடுவார்கள். ஆகவே காலை 10.00க்கு அங்கே நிற்க வேண்டும். ஹட்டனிலிருந்து வான் வண்டியில் நாலரை, ஐந்து மணித்தியாலம் ஆகும். விடியுமுன் 4.00க்குக் கிளம்பினால் ஒரு மணித்தியாலம் கையில் இருக்கும். அது வீணல்ல: கினிகத்தேனை இறக்கத்தில் பனிமூட்டம், கித்துல்கலைப் பக்கம் மண்சரிவு என்று எதுவும் மறிக்கலாம். அவிசாவளை தாண்டியதும் கொழும்புக்குள் நுழையாமல், கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறி கெரவலப்பிட்டி வழியாகப் போகச் சொல்லுங்கள். மழை நாளென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை முதல்நாள் மாலையே பார்த்து, சிவப்பு என்றால் இரவோடு இரவாக இறங்கிவிடுவதே நல்லது.

திரும்பி வரும்போது பலர் தடுமாறுவது திகதியில். கூட்டிவர வரும் வான்காரரிடம் ஹீத்ரோவில் ஏறும் திகதியைச் சொன்னால் ஒருநாள் முன்னதாகவே வந்து நிற்பார். கட்டுநாயக்கவில் இறங்கும் திகதியைச் சொல்லுங்கள்.