நாய்க்குத் திடீரென்று முகம் கோணினால்: கேள்வியும் பதிலும்

நான் கால்நடை மருத்துவர், அதிகம் பார்ப்பது நாய், பூனைதான். ஒன்றரை வயது லாப்ரடார் ஒருவனுக்கு ஒரே ராத்திரியில் வாய் கோணிக்கொண்டதைப் பற்றி முன்பு சொன்னேன். அதிலிருந்து நிறையப் பேர் கேட்கிறீர்கள், ஒவ்வொருவருக்காகச் சொல்கிறேன்.

மதுரை: டாக்டர், என் பீகிளுக்கு ஒரு வயது. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கிறோம். காலையில் பார்த்தால் இடது பக்க உதடு தொங்குகிறது, எச்சில் வடிகிறது, குடிக்கிற தண்ணீரில் பாதி தரையில்தான். பக்கவாதமா?

நன்றாக நடக்கிறான், கூப்பிட்டால் வருகிறான், முகம் மட்டும்தான் இப்படி என்றால் பெரும்பாலும் முகத் தசைகளுக்குப் போகும் நரம்பில்தான் கோளாறு. உதடு, இமை, காது மடல் மூன்றையும் அசைப்பது அந்த ஒரு நரம்புதான். கண் ஓரத்தை விரலால் மெல்லத் தொடுங்கள், வலது கண் சட்டென்று மூடும், இடது கண் மூடாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மேல் நான் கவலைப்படுவது அவன் வயதைப் பார்த்துத்தான். காரணமே தெரியாமல் வருகிற முகவாதம் நாய்களில் நிறைய உண்டு, ஆனால் அது பெரும்பாலும் நடுவயது தாண்டியவற்றுக்கு வரும், காக்கர் ஸ்பானியல்களுக்கு அதிகம். ஒரு வயதுக் குட்டிக்கு வந்தால் முதலில் காதைப் பாருங்கள் என்பேன். அந்த நரம்பு நடுக்காதை ஒட்டித்தான் வெளியே வருகிறது, அங்கே சீழ் கட்டினால் நரம்பும் சேர்ந்து அடிபடும். தலையை உதறுகிறானா, காதில் வாடை வருகிறதா, தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறானா, எங்காவது அடிபட்டானா, இதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டு இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். போவதற்கு முன் நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துவிடுங்கள்.

நாகர்கோவில்: நாங்கள் எடுத்து வளர்க்கும் நாட்டு நாய், எட்டு மாதம். நேற்றிலிருந்து வாயை மூடவே முடியவில்லை, தாடை தொங்குகிறது. எலும்பு சிக்கியிருக்குமோ என்று அப்பா கையை விட்டுப் பார்த்தார். ஊசி எதுவும் போட்டதில்லை.

தயவு செய்து இனி யாரும் அதன் வாய் அருகே போகாதீர்கள். அப்பாவின் கையைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள், சிறு கீறல்கூட இல்லை என்று தோன்றினாலும் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததைச் சொல்லட்டும். தடுப்பூசி போடாத நாய், தொங்கும் தாடை, வழியும் எச்சில் என்றால் வெறிநோய் இல்லை என்று தெரியும்வரை வெறிநோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெறிநோய் வந்த எல்லா நாயும் கடிக்க ஓடி வராது, தொண்டையில் ஏதோ சிக்கியது போல வாயைத் திறந்துகொண்டு அமைதியாகக் கிடப்பதும் உண்டு. நாயைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், கால்நடை மருத்துவருக்கு முதலில் போன் செய்துவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். தாடை நரம்பு வீங்கி வாய் தொங்கி, சில வாரங்களில் தானாகவே சரியாகிற நோயும் இருக்கிறது. ஆனால் அது எது, இது எது என்று வீட்டில் முடிவு செய்யக் கூடாது.

கோவை: முகம் கோணி நான்கு நாள் ஆகிறது மேடம். இப்போது அந்தப் பக்கக் கண் சிவந்திருக்கிறது. எனக்குக் கொடுத்த கண் சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது, போடலாமா?

வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் கண்ணே போய்விடும். முகம் சரியாவதற்குக் காத்திருக்கலாம், கண்ணால் காத்திருக்க முடியாது, இதைத்தான் வருகிற எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இமை மூடாததால் விழி காய்கிறது. போதாததற்குக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகளும் கொஞ்ச தூரம் அதே நரம்போடுதான் போகின்றன, அதனால் சில நாய்களுக்குக் கண்ணீரே குறைந்துவிடும். மருத்துவர் சின்னக் காகிதப் பட்டை ஒன்றை இமைக்குள் வைத்து ஒரு நிமிடம் பார்ப்பார், அது 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். அப்புறம் ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டு நீல விளக்கில் பார்ப்பார், புண் இருந்தால் அந்த இடம் மட்டும் பச்சையாக மின்னும். புண் இல்லை என்றால் செயற்கைக் கண்ணீர் பகலில் நாலைந்து தடவை, தூங்கும்போது ஜெல். நாளைக்குத் தள்ளாதீர்கள்.

சேலம்: பூண்டு எண்ணெய் காய்ச்சிக் காதில் விடலாமா?

கூடாது. செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும். கடையில் வாங்கும் காது மருந்துகளிலும் சில அப்படி உள்ளே போனால் கேட்கும் திறனைக் கெடுக்கும். வலிக்கிறதே என்று பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

தஞ்சாவூர்: இங்கே டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். தேவையா? எங்கே போவது?

எல்லோருக்கும் தேவையில்லை. தலை சாய்வு, கண்மணி இப்படியும் அப்படியும் ஓடுவது, தள்ளாட்டம், வலிப்பு, உடம்பில் ஒரு பகுதி துடித்துக்கொண்டே இருப்பது, இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் அவர் சொல்வது நியாயம்தான். துடிப்பு என்றால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயையும் நினைப்போம். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே காட்டி, அங்கே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். சென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி.

ஈரோடு: எத்தனை நாளில் சரியாகும்? சாப்பிடவே சிரமப்படுகிறாள்.

சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகலாம். சிலருக்குக் கோணல் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும், ஆனாலும் சந்தோஷமாகவே வாழ்வார்கள். காரணம் தெரியாத முகவாதத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை, காதில் கிருமி இருந்தால் ஸ்டீராய்டு அதை மறைத்தும்விடும். சோற்றைக் குழைத்து உருண்டையாகப் பிடித்து நல்ல பக்கமாகக் கொடுங்கள், சாப்பிட்டதும் தொங்குகிற கன்னத்தை விரித்து ஈரத்துணியால் துடையுங்கள். நான் சொன்ன அந்த லாப்ரடாரின் கன்னத்துக்குள் முந்தின நாள் சோறு ஒரு பிடி அப்படியே ஒதுங்கிக் கிடந்தது, நாற்றம் அதிலிருந்துதான். அவனுக்கும் நடுக்காதில்தான் சீழ். ஆறு வாரம் மருந்து கொடுத்தோம். ஐந்தாவது வாரம் கண்ணோரத்தைத் தொட்டபோது இமை பாதிவரை இறங்கியது, வளர்க்கிற அம்மா இன்னொரு தடவை தொட்டுக் காட்டச் சொன்னார்.