போருக்குப் பிந்தைய ஜப்பானிய ஓவியங்கள் ஏன் இவ்வளவு கோரமாக இருக்கின்றன?

கேட்டவர் கீழே விளக்கமும் கொடுத்திருக்கிறார்: "செர்ரிப் பூ, ஃபுஜி மலை, கொக்கு என்று அத்தனை அழகாக வரைந்தவர்கள் 1945க்கு அப்புறம் ஏன் கரியும் பிணமுமாக வரைந்தார்கள்? ரசனை கெட்டுவிட்டதா?"

இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் "ரசனை" என்ற அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. இதே கேள்வியை, இதே சொல்லோடு, என் சித்தப்பா என் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியம் படித்தவள் இல்லை. கணவரின் வேலையால் ஐந்து வருடம் டோக்கியோவுக்குப் பக்கத்தில், சைதாமாவில் உள்ள கவாகோயேவில் இருந்தேன். பகலில் வீட்டில் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல் கண்ணில் பட்ட அருங்காட்சியகத்துக்கெல்லாம் போய் வந்தேன். தகுதி அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 மே மாதம் சித்தப்பாவும் சித்தியும் பத்து நாள் வந்து தங்கினார்கள். கையில் ஒரு பட்டியல்: ஃபுஜி, புல்லட் ரயில், ஹிரோஷிமா. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் வாங்கும் ரயில் பாஸைப் பற்றி யாரிடமாவது புலம்பியே ஆக வேண்டும். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்ததை 2023 அக்டோபரில் ஒரே தாவலில் 50,000 ஆக்கிவிட்டார்கள். ஒரு தலைக்கு! வெளிநாட்டில் இருப்பவர்கள் பணத்தை மரத்திலிருந்து உலுக்கி எடுக்கிறார்கள் என்று ஊரில் நினைப்பு. வந்தவர்களிடம் காசு கேட்கவும் முடியாது, கேட்காமல் சமாளிக்கவும் முடியாது. சரி, அது வேறு கதை. ஹிரோஷிமா கட்டுப்படியாகவில்லை. ஃபுஜியைப் பார்க்கப் போன அன்று முழுக்க மேகம், மலை இருந்த இடமே தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஹிரோஷிமாவுக்குப் போக முடியாவிட்டால் என்ன, ஹிரோஷிமாவை வரைந்த ஓவியங்கள் எங்கள் கவாகோயே ரயில் பாதையிலேயே, ஹிகாஷி மட்சுயாமா என்ற ஊரில்தானே இருக்கின்றன?

அங்கே உள்ள மாருகி கலைக்கூடம் 1967இல் திறந்தது. மாருகி இரி, மாருகி தோஷி என்ற கணவன் மனைவி இருவரும் சேர்ந்து 1950 முதல் 1982 வரை வரைந்த அணுகுண்டு ஓவியங்கள் மொத்தம் பதினைந்து. அதில் பதினான்கு இங்கே; பதினைந்தாவது நாகசாகியில். ஒவ்வொன்றும் 1.8 மீட்டர் உயரம், 7.2 மீட்டர் நீளம். இரிக்குச் சொந்த ஊர் ஹிரோஷிமா. குண்டு விழுந்த சில நாட்களில் சொந்தக்காரர்களைத் தேடி இருவரும் அங்கே போனவர்கள். அவர் மை ஓவியர், அந்தம்மா எண்ணெய் வண்ணம். தோஷி உடல்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து முடிப்பாராம், இரி வந்து அதன்மேல் மையை ஊற்றுவாராம், தோஷி மறுபடி உட்கார்ந்து உருவங்களை மீட்டெடுப்பாராம். நம் வீடாக இருந்தால் அன்றைக்கே விவாகரத்து.

முதல் ஓவியத்தின் பெயர் "பேய்கள்". உடை எரிந்து, தோல் உரிந்து தொங்க, கைகளை முன்னால் நீட்டியபடி நடந்து வரும் கூட்டம். சித்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். சித்தப்பா, "ஏம்மா, அழகா ஒரு மலையைக் காட்டுவேன்னு பாத்தா இதைக் காட்டறே. இவங்களுக்கு ரசனையே இல்லையா?" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, தமிழ் யாருக்கும் புரியாது.

அன்று நான் சொல்லத் தெரியாமல் விழித்த பதிலை அப்புறம் தேடித் தேடிப் படித்துச் சேர்த்துக்கொண்டேன். நீங்களும் சித்தப்பாவும் கேட்கும் அந்த அழகான மலை போருக்குப் போய்விட்டு வந்த மலை. யோகோயாமா தைகான் என்று பெரிய ஓவியர், ஃபுஜியை வரைவதில் மன்னன். 1940இல் கடலை வைத்துப் பத்து, மலையை வைத்துப் பத்து என்று இருபது ஓவியம் வரைந்து விற்று, வந்த 5 லட்சம் யென்னை ராணுவத்துக்கும் கடற்படைக்கும் கொடுத்தார். நான்கு போர் விமானங்கள் செய்து அவர் பெயரையே வைத்தார்கள். செர்ரிப் பூவுக்கு வருவோம். கடைசிக் கட்டத்தில், ஆளை உள்ளே உட்கார வைத்துக் கப்பல்மேல் மோத விட்ட வெடிகுண்டு விமானத்தின் பெயர் "ஓகா". செர்ரிப் பூ என்று அர்த்தம். இதையெல்லாம் பார்த்தவர்கள் 1946இல் உட்கார்ந்து மறுபடி பூவும் மலையும் வரைந்திருக்க வேண்டும் என்கிறீர்களா? சிலர் வரைந்தார்கள்தான், தைகானே ஃபுஜியை விடவில்லை. எல்லோராலும் முடியவில்லை என்றுதான் சொல்கிறேன்.

"போரின்போதே கோரமாக வரைந்தார்களே, ஃபுஜிதா?" என்று பின்னூட்டத்தில் ஒருவர் வருவார், தெரியும். உண்மைதான். ஃபுஜிதா ட்சுகுஹாரு பாரிஸில் பூனைகளையும் பால்வெள்ளைப் பெண்களையும் வரைந்து பெயர் வாங்கியவர். அலாஸ்கா பக்கத்து அட்டு என்ற தீவில் ஜப்பானியப் படை கிட்டத்தட்ட முழுவதுமாக அழிந்ததை 1943இல் பிரம்மாண்டமாக வரைந்தார். யார் நம்மவர், யார் எதிரி என்றே தெரியாத பழுப்புக் குவியல். ஆனால் அதைப் பார்த்து யாரும் போரை வெறுக்கவில்லை. சாமி படம் மாதிரி முன்னால் நின்று கும்பிட்டார்கள், காசு போட்டார்கள். போர் முடிந்ததும் ஓவியர் உலகம் போருக்குத் துணைபோன பழியில் பெரும்பங்கை அவர் தலையில் கட்டியது. 1949இல் நாட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை, பிரெஞ்சுக் குடிமகனாகிவிட்டார். அந்தக் காலப் போர் ஓவியங்கள் 153ஐ அமெரிக்கா எடுத்துக்கொண்டு போய், 1970இல் "காலவரையற்ற கடன்" என்று திருப்பிக் கொடுத்தது. கொடுத்தது என்றால் கொடுத்ததுதானே, அதென்ன கடன்? இப்போது டோக்கியோவின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு சமயத்தில் சிலவற்றைத்தான் மாட்டுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. போர் முடிந்தும் பார்த்ததைப் பார்த்தபடி காட்ட முடியவில்லை. 1952 வரை அமெரிக்க ஆக்கிரமிப்பு, அணுகுண்டைப் பற்றிப் பேசினால் தணிக்கை. "பேய்கள்" 1950இல் முதலில் காட்சிக்கு வந்தபோது "ஆகஸ்ட் 6" என்று பொத்தாம்பொதுவாகப் பெயர் போட்டார்கள். சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய தொங்கும் சுருள் வடிவில் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். உடல்கள் எப்படிக் கருகின என்ற புகைப்படத்தையே பார்த்திராத ஜனம் வரிசையில் நின்று பார்த்தது. அந்த இடத்தில் நாசூக்கு எடுபடுமா?

ஹமாதா சிமெய் என்பவரையும் பாருங்கள். சீனாவுக்குச் சிப்பாயாகப் போய் வந்தவர். புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கு ஒப்பாரி மாதிரி ஒரு செதுக்கோவிய வரிசை, 1950 முதல் 1954 வரை. அதில் ஒரு காவல் சிப்பாய், துப்பாக்கி முனையைத் தன் தொண்டையில் வைத்து, கால் விரலால் விசையைத் தேடுகிறான். ஒரு நோட்டுப் புத்தக அளவுதான் இருக்கும். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. எனக்கு மாருகியைவிட அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

1974இல் 77 வயதுக்காரர் ஒருவர் தான் கண்டதை வரைந்து எடுத்துக்கொண்டு ஹிரோஷிமாவின் என்ஹெச்கே ஒளிபரப்பு நிலையத்துக்குப் போனார். அவர்கள் மற்றவர்களையும் வரைந்து அனுப்பச் சொல்ல, இரண்டாயிரத்துக்கும் மேல் வந்து குவிந்தன. பென்சிலிலும் க்ரேயானிலும், படத்தின் மேலேயே இன்ன பாலம், இத்தனை மணி என்று எழுதி. அந்தத் தாத்தா பாட்டிகளிடம் போய் ரசனையைப் பற்றிப் பேச முடியுமா?

கலைக்கூடத்துக்கே திரும்புகிறேன். பதிமூன்றாவது ஓவியம் 1971இல் வரைந்தது: ஹிரோஷிமாவில் இருந்த அமெரிக்கப் போர்க்கைதிகளை ஜப்பானியர்களே அடித்துக் கொல்வது. பதினான்காவது, 1972, "காகங்கள்". கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட கொரியர்களின் பிணங்கள் கடைசி வரை எடுப்பாரற்றுக் கிடந்தன, காகங்கள் மொய்த்தன என்பது சேதி. அடிபட்டவர்கள் தாங்களும் அடித்ததை வரைவது எளிதில்லை. நான் கலைக்கூடத்தின் கையேட்டைப் பார்த்து அதைத் தமிழில் சித்தப்பாவுக்குச் சொன்னேன்.

அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். அப்புறம், "எங்க பெரிய மாமாவை சயாம் ரயிலுக்குப் புடிச்சிட்டுப் போனதும் இவனுங்கதானே" என்றார்.

எனக்கு அது வரை தெரியாது. சித்தப்பாவின் அம்மாவோடு பிறந்த மூத்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலாயாத் தோட்டத்துக்குப் போனவராம். 1942-43இல் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து ஜப்பான் ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்கு மலாயாவிலிருந்து தமிழர்களை லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். மாமாவிடமிருந்து கடிதம் நின்றது, அவ்வளவுதான். அப்பத்தா சாகும் வரை அண்ணனுக்குத் திதி கொடுக்க விடவில்லையாம். "அவரைக் காக்கா தின்னுச்சோ, ஆத்துல போட்டாங்களோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

இத்தோடு அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. வெளியே கலைக்கூடத்தை ஒட்டி ஓடும் ஆற்றைப் பார்த்து, "இதுதான்மா நல்லா இருக்கு" என்றார். சித்தி கொண்டுவந்திருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். போன தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும், "ஜப்பானுக்குக் கூப்பிட்டுப் போய்ப் பேயைக் காட்டினவ இவ" என்று என்னைக் கை காட்டினார். எனக்குக் கோபம்தான். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை அங்கே பேசவில்லை, நானும் எடுக்கவில்லை.

நீங்கள் சிரிக்கும் பூக்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், அதாவது இந்தக் கால ஜப்பானிய ஓவியர் தகாஷி முராகாமி வரைபவை, ஒரு தகவல்: 2005இல் நியூயார்க்கில் அவர் தொகுத்த கண்காட்சிக்கு வைத்த பெயர் "லிட்டில் பாய்". ஹிரோஷிமாவில் விழுந்த குண்டின் பெயர்.

மாருகி கலைக்கூடத்துக்குப் போவதாக இருந்தால் அது திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டோக்கியோவின் இகேபுகுரோவிலிருந்து தோபு தோஜோ ரயில். ஹிகாஷி மட்சுயாமா ஸ்டேஷனிலிருந்து பேருந்து குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது.